கறுப்பில் இரண்டு பிடி

மழைக்காலம் பிடித்துக்கொண்டால் அந்தச் சந்தில் கறுப்பு காயாது. மாடியில் கட்டித் தொங்கவிட்ட பட்டு காலையில் தொட்டாலும் சில்லென்றிருக்கும், சாயங்காலம் தொட்டாலும் சில்லென்றிருக்கும். கியோத்தோவில் மழை மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. மூன்று பக்கமும் மலை அணைத்துக்கொண்டிருப்பதால் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் ஈரம் எழும்பி வரும். உப்பு ஜாடி கசியும். பாய் பிசுபிசுக்கும். ஷோகிச்சியின் வீட்டில் சாய அடுப்புக்கு ஓய்வு கிடையாது என்பதால் ஆவியும் ஈரமும் ஒன்றையொன்று பிடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

துக்க வீட்டுக்கு உடுத்திப் போகிற கிமோனோவுக்குக் கறுப்பேற்றுவது அந்த வீட்டுத் தொழில். முன்பக்கம் கடை, நடுவே வீடு, பின்னால் கிணறும் பட்டறையும். ஷோகிச்சிக்கு எழுபதை நெருங்குகிற வயது. பத்து நகமும் கறுப்பு. எத்தனை தேய்த்தாலும் போகாது. ஊரில் சாவு குறையவில்லை, ஆனால் சாவுக்குக் கிமோனோ உடுத்துகிறவர்கள் குறைந்துபோனார்கள். அந்த நேரத்தில்தான் ஒசாகாவில் புருஷனை விட்டுவிட்டு மகள் ரிட்சுகோ வந்து சேர்ந்தாள். வந்த வருஷமே கடை வாசலில் பலகை மாட்டினாள்: எந்த நிறத்துத் துணியானாலும் கறுப்பாக்கித் தரப்படும். கறைபட்ட கல்யாணப் பட்டு, செத்துப்போன அத்தையின் பச்சைக் கிமோனோ, பருத்திக் கோட்டு, பெட்டியில் கிடந்து மஞ்சளித்த வெள்ளை எல்லாம் வந்தன. பட்டறையின் ஒரு மூலையில் எவர்சில்வர் தொட்டி ஒன்றையும் வாங்கிப் போட்டாள். கறுப்பேற்றிய துணியை அதிலுள்ள மருந்தில் ஒரு முறை முக்கி எடுத்தால், வெளிச்சத்தைத் திருப்பித் தராத அடர்கறுப்பு கிடைக்கும். ஷோகிச்சி அதற்கு எண்ணெய்க் குளியல் என்று பெயர் வைத்தார். கேலி பேசினாலும் தொட்டியை வாரம் தவறாமல் அவரேதான் கழுவுவார்.

வரும் கிமோனோக்களைத் தையல் பிரித்து நீளத் துணியாக்குவதும், கறுப்பாகி வந்த பிறகு மறுபடி தைத்துக் கொடுப்பதும் மிசாவோவின் வேலை. மிசாவோ ஷோகிச்சியின் இரண்டாம் மனைவி. ரிட்சுகோவுக்குச் சித்தி.

ஜூன் மாதம் பிறந்த ஒரு காலையில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சோறு, மிசோ சாறு, ஊறவைத்த முள்ளங்கி. வெளியே ஓட்டுத் தாழ்வாரத்தில் தண்ணீர் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

"அப்பா, இந்த மாசக் கடைசியில அம்மாவோட முப்பத்துமூணாம் வருஷத் திதி," என்றாள் ரிட்சுகோ.

"தெரியும்."

"இதுதான் கடைசித் திதி. இதுக்கப்புறம் அம்மான்னு தனியா இல்ல, முன்னோர்களோட சேந்துருவாங்க. பேர் சொல்லிக் கூப்பிடறது இதோட சரின்னு சாமியார் சொல்லிட்டாரு."

"அதுவும் தெரியும். முள்ளங்கிய இப்பிடித் தள்ளு."

"அன்னைக்கு நான் அம்மாவோட பட்டுக் கிமோனோவத்தான் உடுத்தப் போறேன்."

ஷோகிச்சியின் சோற்றுக் குச்சிகள் கிண்ணத்துக்கு மேலே நின்றன. பிறகு மெல்ல முள்ளங்கியை எடுத்து, நறுக்கென்று கடித்து, மென்று முடித்தார்.

"அது செவப்பு. நாப்பது தாண்டினவ கையில தொங்கத் தொங்க நீளக் கை வெச்ச செவப்புப் பட்டு உடுத்திட்டு வந்தா சாமியாருக்கு மந்திரம் மறந்துபோகும்."

"அதான் கறுப்புல போடச் சொல்றேன். கையையும் வெட்டிக் குறைச்சுக்கலாம். ஊர்ல இருக்கற பட்டையெல்லாம் கறுப்பாக்கறோம். நம்ம வீட்டுல ஒண்ணு செவப்பா கெடந்து என்னத்துக்கு?"

"முடியாது."

"ஏன்?"

"முடியாதுன்னா முடியாது. எண்ணெய்க்காரிக்குக் காரணம் வேற சொல்லணுமா?"

மிசாவோ எழுந்து, யாரும் கேட்காத தேநீரை எடுத்துவர அடுப்படிக்குப் போனாள். முதல் மனைவியைப் பற்றிய பேச்சு நடக்கும்போது கையில் ஒரு வேலை இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் கற்றுக்கொண்டது.

முதல் மனைவியின் பெயர் கினு. மிசாவோ அவளை நேரில் பார்த்ததில்லை. புத்தர் மாடத்தில் இருக்கும் படத்தில் கினு சற்றே கோபமாக, படம் எடுக்கிறவனைச் சீக்கிரம் முடி என்று சொல்வதுபோல இருப்பாள். பட்டில் தூரிகையால் பூவும் கொடியும் எழுதுகிற கைவேலை அவளுக்கு. மொத்த வியாபாரி கொடுக்கிற மாதிரிப் படத்தைப் பார்த்து எழுதுவதுதான் வழக்கம். அவளோ ஒரு வருஷம் யாரும் கேட்காமல் தானாக ஒன்று எழுதினாள். விடிகாலை வானம் மாதிரி வெளிர்ச் சிவப்பில், மேலிருந்து கீழே நெளிந்து இறங்கும் ஓடைத் தண்ணீர். பூ கிடையாது, பறவை கிடையாது, வெறும் தண்ணீர். ஷோகிச்சிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இதை எவன் வாங்குவான் என்று பிடித்துக்கொண்டார். சண்டை முற்றியபோது, "கொண்டுபோய் ஆத்துல போடு!" என்று கத்தினார். சந்து முழுக்க அதைக் கேட்டது.

எழுதி முடித்த பட்டைக் காமோ ஆற்றில் அலசி, நிறம் பரவாமலிருக்கத் தடவிய பசையைப் போக்குவது அந்தக் காலத்து வேலைமுறை. ஆகவே அந்தச் சொல்லில் தப்பில்லை என்றும் சொல்லலாம். மழை பெய்து ஆறு பெருகியிருந்த நாள் அது. அலசுவது ஆண்கள் வேலை. கினு தனியாகத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். கரையில் அவள் செருப்பு ஜோடியாக, அழகாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் விடியும்போது, கீழே ஆற்றின் குறுக்கே தண்ணீரைத் தடுக்கிற மரக்கட்டையில் துணி கிடைத்தது. அவள் அதற்கும் கீழே, அடுத்த பாலத்துக்குப் பக்கத்தில்.

துணி நழுவிப் போனது, பிடிக்கப் போய் விழுந்தாள் என்று வீட்டில் சொன்னார்கள். சந்தில் வேறு சொன்னார்கள். அலசப் போகிறவள் செருப்பை அப்படியா அடுக்கி வைப்பாள்? என்ன சொல்லிவிட்டார் புருஷன், கேட்டீர்களல்லவா? கியோத்தோக்காரர்கள் எதையும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். ஷோகிச்சி தெருவில் போகும்போது, "ஆறு இன்னைக்கு அமைதியா இருக்குங்களே," என்பார்கள். அவ்வளவுதான். அது போதும்.

அதற்குப் பிறகு ஷோகிச்சி அந்தப் பாலத்தைத் தாண்டியதில்லை. சிவப்பு அடிச்சாயமும் போட்டதில்லை. கறுப்புக்கு முன்னால் சிவப்போ நீலமோ ஒன்றை அடியில் ஏற்ற வேண்டும். சிவப்பு ஏற்றினால் கறுப்பு வெதுவெதுப்பாக இருக்கும், நீலம் ஏற்றினால் குளிர்ந்துபோய் இருக்கும். சிவப்பு கேட்டு வருகிறவர்களிடம் எல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "இங்க நீலம்தான். வேணும்னா அடுத்த சந்துல கேளுங்க."

மிசாவோ அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது துணி சுருளாகப் பெட்டியில் இருந்தது. ரிட்சுகோவுக்கு இருபது வயது நிறைந்த வருஷம் அதைக் கிமோனோவாகத் தைத்துக் கொடுக்கும்படி ஷோகிச்சி கேட்டார். தைத்தாள். ரிட்சுகோ அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. இருபது வயதானவர்களுக்கு நகரசபை நடத்துகிற விழாவுக்கு வாடகைக்கு எடுத்த மஞ்சள் கிமோனோவில் போய்வந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மிசாவோதான் அதை எடுத்து நிழலில் காயப்போட்டு மடித்து வைக்கிறாள். பெட்டியைத் திறந்தால் கற்பூர வாசனையைத் தாண்டிக்கொண்டு ஆற்று வாசனை வரும். பாசியும் கல்லும் கலந்த வாசனை. எத்தனை முறை அலசி ஆவியில் காட்டிய துணி! அதில் ஆறு எப்படி இருக்கும்? இருந்தது. வேறு யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. மடிக்கும்போது மட்டும், "இந்தாங்க, முடிஞ்சிருச்சு," என்று துணியிடம் சொல்வாள்.

அப்பாவும் மகளும் முறைத்துக்கொண்டு திரிந்த நாட்களில் ஒரு மத்தியானம், ரிட்சுகோ அந்தக் கிமோனோவைத் தூக்கிக்கொண்டு வந்து மிசாவோ முன்னால் வைத்தாள்.

"சித்தி, பிரிங்க."

"உங்கப்பா..."

"அப்பாவ நான் பாத்துக்கறேன்."

"அவரு சரின்னு சொல்லாம நான் கத்திரி வைக்கமாட்டேன். தைச்சது நானா இருக்கலாம். துணி என்னோடது இல்ல."

ரிட்சுகோ உட்கார்ந்தாள். நெற்றியில் வேர்வை. அதைப் புறங்கையால் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"பள்ளிக்கூடத்துல ஒருத்தி கேட்டா. உங்கம்மா தண்ணிக்குள்ள நடந்தே போனாங்களாமேன்னு. சும்மா, சாப்பிட்டியான்னு கேக்கற மாதிரி. எனக்கு ஒம்பது வயசு. ஆமான்னு சொல்றதா இல்லன்னு சொல்றதா? வீட்டுக்கு வந்து அப்பா மூஞ்சியப் பாத்தேன். அதுலயும் பதில் இல்ல. இன்னைக்கு வரைக்கும் இல்ல."

மிசாவோவின் கை மடியிலேயே கிடந்தது.

"அதான் சித்தி அன்னைக்கு அத உடுத்தல. என்னையும் சேத்து விட்டுட்டுப் போனவங்க பட்டு எனக்கெதுக்குன்னு இருந்துச்சு. இப்ப அவங்களுக்குக் கடைசி நாள். ஒரு நாளாச்சும் உடுத்தி வழியனுப்பிருவோம். செவப்பா உடுத்த எனக்கு மனசு வரல. கறுப்புன்னா முடியும்."

பட்டறைக் கதவோரம் ஷோகிச்சி நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. முன்கையிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பிரி," என்றார் மிசாவோவிடம். திரும்பிப் போய்விட்டார்.

தான் போட்ட தையலைத் தானே பிரிப்பது விசித்திரமான வேலை. முதலில் கழுத்து, பிறகு கைகள், பிறகு பக்கத் தையல், கடைசியில் முதுகு. மடிப்புக்குள் ஒளிந்திருந்த இடங்களில் சிவப்பு இன்னும் புதிதாக இருந்தது. பிரிக்கப் பிரிக்க ஆறு வாசனை எழுந்தது. ஜன்னலைத் திறந்தாள், வெளியே மழை வாசனை வேறு, இது வேறு. இரண்டையும் அவளால் பிரித்துச் சொல்ல முடிந்தது. தோளுக்குப் பின்னால் யாரோ குனிந்து, சீக்கிரம் முடி என்கிற மாதிரி. மிசாவோ திரும்பிப் பார்க்கவில்லை. "அவசரப்படுத்தாதீங்க, இழை அறுந்துரும்," என்று முணுமுணுத்துக்கொண்டே பிரித்தாள்.

துண்டுகளை வரிசையாக ஒட்டித் தைத்து ஒரே நீளத் துணியாக்கிக் கொடுத்ததும், அதைக் கையில் வாங்கிய ஷோகிச்சி நேராக அலமாரிக்குப் போய், அடித்தட்டில் கிடந்த தகர டப்பா ஒன்றை எடுத்தார். மூடி இறுகிப்போயிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தார். சிவப்புப் பொடி.

"என்னங்க, செவப்பா?" என்றாள் மிசாவோ.

"இதுக்கு நீலம் ஒட்டாது. இதோட சொந்தக்காரன் செவப்புதான்."

"பழசாச்சே, புடிக்குமா?"

"புடிக்கலன்னா மறுபடி போடுவோம். எங்க ஓடிப் போகப்போவுது?"

ரிட்சுகோவைக் கிட்டே வரவிடவில்லை. தானே கொதியைப் பார்த்து, தானே துணியைத் தொட்டியில் இறக்கி, நீளக் குச்சியால் புரட்டிக்கொண்டே இருந்தார். ஆவியில் அவர் முகம் தெரிந்தும் மறைந்தும் போயிற்று. வெளிர்ச் சிவப்பு ரத்தச் சிவப்பாயிற்று. அந்த நிலையில் துணியைத் தூக்கியபோது கினு எழுதிய ஓடை தெளிவாக ஒரு நெளிவு நெளிந்து வடிந்தது. ஷோகிச்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கறுப்பில் விட்டார். குமிழி எழும்பி எழும்பி உடைந்தது. உள்ளே போன துணி மேலே வர முயல்வதும் அவர் குச்சியால் அமுக்குவதுமாக இருந்தது. சாயத்துக்குள் காற்று மாட்டிக்கொண்டால் எந்தத் துணியும் அப்படித்தான் எழும்பும், மிசாவோ தினமும் பார்ப்பதுதான். அன்றைக்கு அவளால் பார்க்க முடியவில்லை. அடுப்படிக்குப் போய் அரிசியைக் களையத் தொடங்கினாள்.

கிணற்று நீரில் அலசி மாடியில் கட்டினார்கள். மழை ஒருநாள் விட்டது. இரண்டாம் நாள் காலை வெயிலும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. மேலே போன ரிட்சுகோ கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

மிசாவோவும் ஷோகிச்சியும் ஏறிப் போனார்கள்.

கறுப்பு அருமையாக ஏறியிருந்தது. அடியில் சிவப்பு இருப்பது தெரியாமல் தெரிகிற, மனிதத் தோல் மாதிரி வெதுவெதுப்பான கறுப்பு. ஓடை அழியவில்லை. நேரே பார்த்தால் ஒன்றுமில்லை. தலையைச் சாய்த்தால் கறுப்புக்குள் கறுப்பாகத் தண்ணீர் இறங்கியது. ரிட்சுகோ காட்டியது அதையல்ல. துணியின் முன்பக்கப் பாகத்தில், விளிம்புக்குப் பக்கத்தில், சாம்பல் பூத்ததுபோல இரண்டு இடம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஒரு முழம் இடைவெளியில். ஒவ்வொன்றிலும் கோடு கோடாக, விரல் இறுக்கின மாதிரி.

அந்த வீட்டில் அதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஈரப் பட்டைக் கசக்கிப் பிடித்தால் இழை நைந்துபோகும். வெளிர் நிறத்தில் அது ஒளிந்துகொள்ளும். கறுப்பேற்றினால் வெளியே வரும். ஈரத் துணியைப் பிடிக்கிற பிடிக்காகவே ஷோகிச்சியிடம் திட்டு வாங்காத வேலைக்காரன் அந்தப் பட்டறையில் இருந்ததில்லை.

"ரெண்டு கை," என்றாள் ரிட்சுகோ. "ரெண்டு கையாலயும் புடிச்சிருக்காங்க. புடிச்சு இழுத்திருக்காங்கப்பா. பாருங்க, எவ்வளவு பலமா."

ஷோகிச்சி துணியருகே குனிந்தார்.

"சாகப் போறவ துணிய எதுக்குப் புடிக்கறா? விட்டுட்டுல்ல போவா? அம்மா விடல. துணி போச்சேன்னு புடிக்கப் போயிருக்காங்க." அவள் அழவில்லை. சிரிப்பா என்று சந்தேகப்படும்படி உதடு நடுங்கியது. "வீட்டுக்குத் திரும்பி வரத்தான் இருந்திருக்காங்க."

மிசாவோ புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் கறுப்பு நகத்தால் அந்த இடத்தைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

"தொட்டியில ஒருதடவ முக்குனா மறைஞ்சுரும்," என்றார் கடைசியில். "உன் எண்ணெய்க்கு அந்த ஒரு நல்ல குணம் உண்டு."

"வேண்டாம்," என்றாள் ரிட்சுகோ. "இதுல என் மருந்து படக்கூடாது."

முதுகில் குலமுத்திரை எழுத தோகுஜி வந்தார். கறுப்பேறிய பட்டில் காசளவு வட்டத்துக்குச் சாயத்தை உருவி எடுத்து, அதில் மயிர்த் தூரிகையால் புளியாரை இலையை எழுதுவது அவர் வேலை. ஷோகிச்சியோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர். வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் இருந்ததில்லை. ஜூன் கடைசியில் எல்லா வீட்டிலும் தின்கிற முக்கோண அரிசிப் பணியாரத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். மேலே சிவப்புப் பயறு ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, இந்த வருஷம் பயறு பெருசு. மனுஷன்தான் சின்னதாயிட்டே போறான். எங்க உன் புருஷன்?"

"கொதி வெச்சிருக்காரு. ரிட்சுகோ தபாலாபீசுக்குப் போயிருக்கா. உக்காருங்கண்ணே. தேத்தண்ணிச் சோறு போடட்டுமா?"

"வந்ததும் வராததுமா கிளம்புங்கறியே! இந்த ஊர்ல தேத்தண்ணிச் சோறு வேணுமான்னா எந்திரிச்சுப் போன்னுதானே அர்த்தம்!"

"ஐயோ, நெஜமாத்தான் கேக்குறேன்."

"கியோத்தோவுல பொறந்தவ நெஜமாக் கேட்டான்னு யாராச்சும் நம்புவானா?" என்று சிரித்தபடி துணியை விரித்தார். விரித்த கை பாதியில் நின்றது. அந்த இரண்டு சாம்பல் இடமும் அவர் முழங்காலுக்கு நேரே கிடந்தன.

தோகுஜி துணியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார்.

"இது எப்ப தெரிஞ்சுது?"

"கறுப்பேத்தின ரெண்டாம் நாள். கினு அக்கா புடிச்ச புடின்னு ரிட்சுகோ சொல்றா. ரொம்ப நாளைக்கப்புறம் அந்தப் புள்ள நல்லாத் தூங்குது."

தோகுஜி தன் வலது உள்ளங்கையைத் திருப்பி வைத்துப் பார்த்தார். எழுபது வயதுக் கை. சின்னக் கைதான், முத்திரை எழுதுகிறவனுக்கு வேண்டிய மாதிரி, பெண்பிள்ளைக் கை போல.

"தங்கச்சி, இது என் கை."

மிசாவோவுக்குப் புரியவில்லை.

"கட்டையில துணி கெடந்தத முதல்ல பாத்தது நான். ஆணிக் கம்புல சுத்திக்கிட்டு வரமாட்டேன்னுச்சு. அந்தப் பக்கம் தண்ணி இழுக்குது, இந்தப் பக்கம் நான் இழுக்கறேன். அவ அதுல சுத்திக்கிட்டு இருக்காளோன்னு நெனச்சு இழுத்தேன். முறுக்கிப் புடிச்சு, கால உதச்சு இழுத்தேன். வெறும் துணி வந்துச்சு."

"அக்காவோட கையும் இருக்கலாம்ல? அவங்களும் புடிச்சிருக்கலாம்ல?"

"இருக்கலாம். யாரு கண்டா? ஆனா ரெண்டு எடம்தான் நைஞ்சிருக்கு. நான் ரெண்டு கையாலதான் புடிச்சேன்." தோகுஜி துணியை மெல்ல மடித்து அந்த இடத்தை மறைத்தார். "ஷோகிச்சிகிட்ட சொல்லவா?"

பட்டறையிலிருந்து குச்சி தொட்டியில் இடிக்கும் சத்தம் வந்தது. அந்தச் சாம்பல் இடம் தெரிந்த நாளிலிருந்து அவர் ராத்திரியில் நடுநடுவே எழுந்து உட்காரவில்லை என்பது மிசாவோவுக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணமான நாளாக ஜூன் மாதத்தில் அவர் முழுசாகத் தூங்கி அவள் கண்டதில்லை.

இந்தத் திதியோடு கினு போய்விடுவாள் என்று மிசாவோ காத்திருந்தது உண்மை. யாரிடமும் சொல்லாவிட்டாலும் காத்திருந்தாள். கோபக்காரக் கினு, தண்ணீருக்குள் நடந்து போன கினு, புருஷனுக்குப் பக்கத்தில் படுத்திருந்த கினு. இப்போது துணியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வரத் துடித்த கினு வந்துவிட்டாள். இவளை அனுப்புவது இன்னும் கஷ்டம்.

"சொல்லாதீங்கண்ணே," என்றாள்.

"நிச்சயமாவா?"

"இலைய எழுதுங்க. வெளிச்சம் போறதுக்குள்ள."

தோகுஜி எழுதினார். முடித்து எழுந்து போகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பணியாரத்தையும் தொடவில்லை.

மறுபடி தைக்கும்போதுதான் கேள்வி வந்தது. கிமோனோவின் முன்பக்கம் இரண்டு மடிப்பு. ஒன்று உடம்போடு ஒட்டி உள்ளே போகும், மற்றது மேலே வரும். முதலில் தைத்தபோது சாம்பல் விழுந்த பாகம் உள்மடிப்பில் இருந்தது. அப்படியே தைத்தால் யார் கண்ணிலும் படாது. கறை விழுந்த பட்டை இடம் மாற்றித் தைப்பது தையற்காரிகளுக்குப் பழக்கம்தான். அவர்கள் வெளியே இருப்பதை உள்ளே தள்ளுவார்கள். மிசாவோ நேர்மாறாகச் செய்யலாமா என்று யோசித்தாள்.

"என்னங்க, அந்தப் பாகத்த எங்க வைக்கட்டும்?"

ஷோகிச்சி கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். "உன் ஊசி, உன் இஷ்டம்."

அவள் மேலே வைத்துத் தைத்தாள். வலது முழங்காலுக்குச் சற்று மேலே, நடக்கும்போது வெளிச்சம் விழுகிற இடத்தில். ஒரு நாளாவது அவர் அதைக் கண் நிறையப் பார்க்கட்டும் என்று. ஊசி ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் ஆற்று வாசனை வருகிறதா என்று பார்த்தாள். சிவப்பிலும் கறுப்பிலும் அத்தனை நேரம் கொதித்த பிறகும் வந்தது.

திதியன்று மழை தூறலாக இருந்தது. கோயில் கூடத்தில் நாலு பேர்தான். அவர்கள் மூன்று பேரும் தோகுஜியும். சாமியார் ஓதி முடித்து, இன்றிலிருந்து இவர் தனியாள் அல்ல, உங்கள் வீட்டு முன்னோர் எல்லோரும்தான் இவர் என்று சொல்லி, கினுவின் பெயர்ப் பலகையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். ரிட்சுகோ முன்வரிசையில் குனிந்து கும்பிட்டாள். கறுப்புக்குள்ளே ஓடை அவள் முதுகு வழியாக இறங்கித் தரையில் வழிந்தது. நிமிரும்போது அவள் முகம், அழுது முடித்த குழந்தையின் முகம் மாதிரி துடைத்துவிட்டாற்போல இருந்தது. தோகுஜி யாரையும் பார்க்காமல் முதல் ஆளாகக் கிளம்பிப் போய்விட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ரிட்சுகோ முன்னால் நடந்தாள். தம்பதிகள் ஒரே குடையில் பின்னால் வந்தார்கள். நேர் வழி திரும்புகிற இடத்தில் ஷோகிச்சி மகளுக்கு ஆற்றுப் பக்கம் கைகாட்டியதை மிசாவோ கவனித்தாள். கேட்கவில்லை. இத்தனை வருஷமாகத் தாண்டாத அந்தப் பாலத்தில் ஏறியதும் அவர் நடை தளர்ந்தது. கீழே காமோ பழுப்பாக, வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அது தோகுஜி கை," என்றார்.

மிசாவோ குடையைப் பிடித்த கையை மாற்றினாள்.

"அன்னைக்கு அவன் உள்ளங்கையெல்லாம் தோல் உரிஞ்சிருந்துச்சு. நான்தான் மருந்து போட்டுக் கட்டினேன். மாடியில பாத்த ஒடனேயே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏங்க சொல்லல?"

அவர் முன்னால் போகும் மகளைத் தாடையால் காட்டினார். "அவ மூஞ்சியப் பாத்தல்ல?"

சிறிது தூரம் நடந்தார்கள். பிறகு மிசாவோ சொன்னாள்: "எனக்கும் தெரியும். முத்திரை எழுத வந்தப்ப அண்ணே சொன்னாரு."

ஷோகிச்சி நின்றுவிட்டார். மழை குடையில் பொரிந்தது.

"தெரிஞ்சுமா வெளிய வெச்சுத் தச்ச?"

"நீங்க நல்லாத் தூங்கினீங்களே."

"தூக்கமா!" அவர் ஆற்றைப் பார்த்தார். "முழிச்சுப் படுத்திருந்தேன். எந்திரிச்சா எனக்குத் தெரியும்கறத நீங்க ரெண்டு பேரும் கண்டுபுடிச்சிருவீங்கன்னு அசையாம கெடந்தேன்."

கைப்பிடிச் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டார். "அப்ப கினு என்ன பண்ணினான்னு..."

"தெரியாதுங்க."

"ஆமா," என்றார். "தெரியாது."

"என்ன, ரெண்டு பேரும் நட்டநடுப் பாலத்துல குசுகுசுன்னு?" முன்னால் போன ரிட்சுகோ திரும்பி நின்று கேட்டாள்.

"மத்தியானத்துக்கு என்ன கொழம்புன்னு கேக்குறாரு," என்றாள் மிசாவோ.

"திதியன்னைக்கும் தீனி நெனப்புதானாப்பா?" ரிட்சுகோ சிரித்துவிட்டு மறுபடி நடந்தாள். பாலம் முடிகிற இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதைத் தாண்டுவதற்காகக் குனிந்து, நனைந்த மேல்மடிப்பைக் கையால் அள்ளி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சாம்பல் இடத்தின் மேலேயே விழுந்திருந்தன.

ஈரப் பட்டை அப்படிக் கசக்காதே என்று கத்துவதற்கு ஷோகிச்சி வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.